ஸ்டீயரிங் ஆடினால் அலட்சியம் வேண்டாம்!

போன மாதம் மாமியார், குழந்தைகளோடு சிறுமலைக்குக் கிளம்பினோம். எங்களுடையது பழைய அம்பாசடர். பேகம்பூர்த் தெரு முனையில் திரும்பும்போதே ஸ்டீயரிங்கில் ‘கடகட’ என்று ஓர் ஆட்டம். “பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்” என்றார் இவர். எனக்கு மனசு கேட்கவில்லை. 18 கொண்டை ஊசி வளைவு உள்ள மலையாச்சே! “மெக்கானிக்கிட்ட காட்டிட்டே போவோம்ங்க” என்று பிடிவாதம் பிடித்தேன்.

அவர் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரு பக்கமும் பிடித்து ஆட்டிக் காட்டினார். டை ராடு முனை ‘லொடலொட’ என்றிருந்தது. ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வழிந்து, மண் புகுந்து உள்ளே குண்டு தேய்ந்துவிட்டதாம். மூட்டு கழன்றால் சக்கரம் நம் சொல் கேட்காது! அன்றைக்குப் பயணம் ரத்து.

சகோதரிகளே, சக்கரங்களை நேராக வைத்து ஸ்டீயரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சின் ஓடட்டும். சக்கரம் அசையாமலே இரண்டு விரற்கடை ஆடினால் உடனே காட்டிவிடுங்கள். முன் டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தாலும், வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலும் அப்படித்தான். பாகம் மாற்றியதும் வீல் அலைன்மென்ட் பார்க்க மறக்காதீர்கள்.

மறுவாரம் மலைக்குப் போனோம். இவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சிறுமலை வாழைப்பழம் மட்டும் ஒரு சீப்பு கூடுதலாக வாங்கித் தந்தார்!