வலீமாவில் மிஞ்சும் இறைச்சி

அண்மையில் உறவினர் ஒருவரின் வலீமா விருந்தில், சாப்பிட்டு முடிந்த கோப்பைகளை எடுத்துவைக்க உதவி செய்தேன். புரியாணியோடு மாட்டிறைச்சி, கோழி, ஆட்டிறைச்சி என மூன்று வகை வைத்திருந்தார்கள். பல கோப்பைகளில் ஒரு கடி மட்டும் கடித்த இறைச்சித் துண்டுகளும் கைபடாத சோறும் கிடந்தன. எல்லாம் கறுப்புப் பைகளுக்குள் போயின. ஆறு பெரிய பைகளை நானே எண்ணினேன்.

அடுத்த மாதம் என் நானாவின் வலீமா. எங்கள் வீட்டு வாசலிலும் அப்படிப் பைகள் நிற்குமோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

மாடு இரைமீட்கும்போது மெதேன் வாயு வெளியேறுகிறது. புவியைச் சூடாக்குவதில் அது காபனீரொட்சைட்டைவிடப் பல மடங்கு வலியது. மனிதச் செயல்களால் வெளியாகும் பச்சைவீட்டு வாயுக்களில் 14.5 வீதம் கால்நடை வளர்ப்பினால் வருகிறது என ஐ.நா. உணவு, விவசாய அமைப்பு 2013ஆம் ஆண்டில் கணித்தது. அதில் பெரும்பங்கு மாடுகளுக்குரியது. நீர் தேங்கி நிற்கும் நெல் வயலின் சேற்றிலும் மெதேன் உருவாகிறது. உண்ணாமல் எறிந்த சோறும் இறைச்சியும் குப்பை மேட்டில் காற்றுப் படாமல் அழுகும்போது மீண்டும் அதே வாயு. ஆக, வீசப்படும் ஒரு கோப்பை புரியாணி மூன்று இடங்களில் பூமியைச் சுடுகிறது.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 105 கோடி தொன் உணவு வீணானது என ஐ.நா. சுற்றாடல் திட்டம் கூறுகிறது. நமது நாட்டுக் குப்பையிலும் பாதிக்கு மேல் உக்கும் குப்பைதான். 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கலாமா?

இறைச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் கிராமங்களில் மாடு ஏழைகளின் சேமிப்பு. இறைச்சி வளரும் பிள்ளைகளுக்குப் புரதம். ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா இறைச்சியை ஏழைகளுக்கும் அயலவருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறோம். அங்கே ஒரு துண்டும் வீணாவதில்லை. அந்தப் பக்குவம் திருமண மண்டபத்தில் மட்டும் எங்கே போகிறது?

வீட்டில் இதைச் சொன்னபோது, "ஒரு இறைச்சி மட்டும் வெச்சா ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" என்று உம்மா கேட்டார். உம்மம்மாதான் எனக்குத் துணை நின்றார். அவர் காலத்தில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்வார்களாம். முதலில் அளவாக வைத்து, கேட்டால் மீண்டும் போடுவார்களாம். சஹனில் மிஞ்சுவது அரிதாம்.

நான் கேட்பதும் அதுதான். ஒரு வகை இறைச்சி போதும். வருவோரின் தொகையைக் கேட்டறிந்து சமைப்போம். சட்டியில் மிஞ்சுவதைச் சூடு ஆறுமுன் தேவையுள்ள வீடுகளுக்கு அனுப்புவோம்.

வாப்பா சம்மதித்துவிட்டார். உம்மா இன்னும் யோசிக்கிறார். அவர் பயப்படுவது செலவுக்கல்ல, விருந்தாளிகளின் வாய்க்கு. அன்புப் பெற்றோரே, சகோதரிகளே, அந்த விருந்தாளிகள் நாம்தானே? எளிய விருந்தைக் குறை சொல்வதை முதலில் நாம் நிறுத்துவோம்.