எல்லாக் கிளைக்கும் ஒரே சாவியா?

கும்பகோணத்தில் 1904-ல் தொடங்கப்பட்டது சிட்டி யூனியன் வங்கி. 2018 பிப்ரவரியில் அதன் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பின் வழியாக மூன்று பணப் பரிமாற்ற உத்தரவுகளை அனுப்பிவிட்டார்கள். துபாய்க்கு ஒன்று, துருக்கிக்கு ஒன்று, சீனாவுக்கு ஒன்று. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். உத்தரவு போனதை அச்சடித்துக் காட்டும் பிரிண்டர் முதல் நாள் ஓடவில்லை. சாதாரணக் கோளாறு என்று நினைத்தார்கள். மறுநாள் காலை கணக்கைச் சரிபார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. துபாய்க்குப் போகவிருந்த 5 லட்சம் டாலரை நியூயார்க்கில் இருந்த வங்கி தடுத்து நிறுத்தியது.

உத்தரவுகள் வங்கியின் பெயரில், வங்கியின் பாதையிலேயே போயின. வாங்கிய வங்கிகளுக்கு அவை சிட்டி யூனியன் அனுப்பியவையாகத்தான் தெரிந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் நடந்தது இன்னும் அப்பட்டம். ஏ.டி.எம். இயந்திரம் ‘பணம் கொடுக்கலாமா’ என்று கேட்டால் வங்கியின் ஸ்விட்ச்தான் பதில் சொல்ல வேண்டும். திருடர்கள் போலி ஸ்விட்ச் ஒன்றை நுழைத்து, அதைப் பதில் சொல்ல வைத்தார்கள். 28 நாடுகளில் பணம் எடுக்கப்பட்டது. ஸ்விஃப்ட் வழியாகப் போனதையும் சேர்த்து இழப்பு சுமார் 94 கோடி ரூபாய்.

தஞ்சாவூரைச் சுற்றியுள்ள நகைக்கடன் நிறுவனங்கள், அரிசி ஆலைகள், உரக்கடைகள், கடன் சங்கங்களுக்கு ரவுட்டர் அமைத்துக் கொடுப்பது என் தொழில். தலைமை அலுவலகம் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இருக்கும். கிளைகள் அம்மாபேட்டை, பாபநாசம், ஒரத்தநாடு, நீடாமங்கலம் என்று பரவிக் கிடக்கும். கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடுவே இன்டர்நெட்டின் மேலேயே ஒரு வி.பி.என். டனல் ஓடும். யாருடைய நகை எத்தனை பவுன், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதற்குள்தான் போகிறது. “என்க்ரிப்ஷன் போட்டிருக்கீங்கள்ல?” என்று எல்லா முதலாளிகளும் கேட்பார்கள். போட்டிருக்கிறேன். ஆனால் அம்மாபேட்டையிலிருந்து பேசுவது அம்மாபேட்டைக் கிளைதான் என்று தலைமை அலுவலக ரவுட்டருக்கு எப்படித் தெரியும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அந்த இரண்டு திருட்டுகளையும் நினைத்தால் எனக்குத் தூக்கம் கெடுவது அந்தக் கேள்வியால்தான்.

இரண்டு ரவுட்டர்கள் டனல் தொடங்கும்போது, ஊரே கேட்கும் பாதையில் பேசி, யாருக்கும் தெரியாத ஓர் எண்ணை ஒப்புக்கொள்கின்றன. டிஃபியும் ஹெல்மனும் 1976-ல் வெளியிட்ட வழி இது. கணக்கு அழகானது; இன்றும் நிற்கிறது. ஆனால் அது யாரோடு ஒப்புக்கொண்டோம் என்பதைச் சொல்வதில்லை. நடுவே ஒருவன் நின்றுகொண்டு இந்தப் பக்கம் ஓர் எண்ணும் அந்தப் பக்கம் ஓர் எண்ணும் பேசி முடித்துவிட்டால், இரண்டு ரவுட்டர்களும் பாதுகாப்பாக இருப்பதாகவே நம்பும். பூட்டிய பாதையின் மறுகோடியில் திருடன் உட்கார்ந்திருப்பான். அதனால்தான் எண் ஒப்பந்தம் முடிந்த கையோடு ஒருவரையொருவர் ஆள் அடையாளம் காட்டச் சொல்கிறார்கள். ஒன்று, இரு பக்கமும் முன்கூட்டியே தெரிந்த ரகசியச் சொல்; நாங்கள் பி.எஸ்.கே. என்போம். மற்றொன்று சர்டிபிகேட்.

நம் பக்கத்தில் நான் திறந்து பார்க்கும் பெரும்பாலான ரவுட்டர்களில் பி.எஸ்.கே.தான். அதுவும் எல்லாக் கிளைக்கும் ஒரே பி.எஸ்.கே. நிறுவனத்தின் பெயர், பின்னால் ஓர் ஆண்டு. முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 0.0.0.0, அதாவது உலகத்தில் எங்கிருந்து வந்தாலும் இந்தச் சொல்லைச் சொன்னால் ஏற்றுக்கொள்.

இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. டனல் தொடங்க ரவுட்டர்கள் பேசிக்கொள்ளும் நெறிமுறைக்கு ஐ.கே.இ. என்று பெயர். 1998-ல் வந்த அதன் முதல் பதிப்பில் ஒரு முடிச்சு இருக்கிறது. அந்தப் பதிப்பின் மெயின் மோடில் கிளை தன் பெயரைச் சொல்லும் செய்தியே பி.எஸ்.கே.யையும் சேர்த்து உருவாக்கிய சாவியால் பூட்டப்பட்டு வருகிறது. பெயரைப் படிக்கச் சாவி வேண்டும்; எந்தச் சாவி என்று தேர்ந்தெடுக்கப் பெயர் வேண்டும். ஆகவே தலைமை அலுவலகம் ஐ.பி. முகவரியை வைத்துத்தான் சாவியைத் தேட முடியும். சென்னையில் நிலையான முகவரி வாங்கிவிடலாம். பேராவூரணிக்கு உள்ளே இருக்கும் ஒரு கிளைக்கு 4ஜி சிம்தான் கிடைக்கிறது. முகவரி நாளுக்கு நாள் மாறும். அப்படியானால் எல்லா முகவரிக்கும் ஒரே சாவி, இல்லையென்றால் அதே பதிப்பின் இன்னொரு முறையான அக்ரஸிவ் மோட். இரண்டாவது இன்னும் மோசம். அதில் தலைமை அலுவலக ரவுட்டர், தன்னில் பதிந்திருக்கும் குழுப் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்பவர் யாராக இருந்தாலும் சாவியிலிருந்து பிறந்த ஹாஷ் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடும். வாங்கியவன் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சொற்களைப் போட்டுப் பார்க்கலாம். நிறுவனப் பெயரும் ஆண்டும் எத்தனை நேரம் தாங்கும்?

ஒரே சாவியின் ஆபத்தை முதலாளிகள் பாதிதான் புரிந்துகொள்கிறார்கள். சாவி தெரிந்தவன் கிளை என்று சொல்லி உள்ளே வரலாம் என்பது புரிகிறது. அவன் தலைமை அலுவலகம் என்று சொல்லி மற்றக் கிளைகளை ஏமாற்றவும் முடியும். எல்லோரிடமும் இருப்பது ஒரே ரகசியம் என்றால், அதை வைத்து யார் யார் என்று பிரிக்கவே முடியாது. ஒப்பந்தம் முடிந்து போன டெக்னீஷியனிடம் அந்தச் சொல் இருக்கிறது. மூடிய கிளையின் ரவுட்டர் பழைய சாமான் கடைக்குப் போகிறது, சாவி உள்ள கான்ஃபிக்கோடு போகிறது. சாவியை மாற்றலாம் என்றால் எல்லாக் கிளையையும் ஒரே இரவில் மாற்ற வேண்டும். அதனால் யாரும் மாற்றுவதில்லை.

இந்த முடிச்சு அவிழ்ந்து வெகுகாலம் ஆகிறது. 2005 டிசம்பரில் வந்த ஐ.கே.இ. இரண்டாம் பதிப்பில், கிளை தன் பெயரைச் சொல்லும்போது பூட்டுவது முதலில் ஒப்புக்கொண்ட அந்த எண்தான். தலைமை அலுவலகம் பெயரைப் படித்து, அந்தக் கிளைக்குரிய சாவியை எடுத்துச் சரிபார்க்கலாம். முகவரி எப்படி மாறினாலும் கவலையில்லை. முதல் பதிப்பைக் கைவிட வேண்டும் என்று இணையத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். 2023-ல் முறைப்படி அறிவித்துவிட்டது. ஐந்தாறு கிளை உள்ள ஆலைக்காரருக்கு இது போதும்: இரண்டாம் பதிப்பு, கிளைக்கொரு சாவி, ஒவ்வொன்றும் இயந்திரமே உருட்டிப்போட்ட நீளமான எழுத்துக் கோவை.

அதற்கு மேல் கிளைகள் உள்ளவர்கள் சர்டிபிகேட்டுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொள்முதல் நிலையத்தில் நெல் போடுகிற விவசாயியை அங்குள்ள எழுத்தருக்குத் தெரியாது, வி.ஏ.ஓ. கொடுத்த அடங்கலைப் பார்த்து ஏற்றுக்கொள்கிறார். சர்டிபிகேட்டும் அப்படித்தான். ஒவ்வொரு கிளை ரவுட்டரும் தனக்கென ஒரு ரகசியச் சாவியைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அது அந்தப் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை. நிறுவனத்தின் சான்று இயந்திரம், இது நீடாமங்கலம் கிளை என்று கையெழுத்துப் போட்டுத் தரும். ரவுட்டர் திருடு போனால் அந்த ஒரு சர்டிபிகேட்டை மட்டும் ரத்து செய்தால் போதும். மற்றக் கிளைகளுக்கு அது தெரியக்கூட வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடுகிற இடம் கெட்டால் எல்லாம் கெடும். 2014 ஜூலையில் நம் தேசிய தகவலியல் மையத்தின் சான்று அமைப்பிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியற்ற சர்டிபிகேட்டுகள் வெளிவந்தது தெரியவந்தது. மத்திய அரசின் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளர் அந்த மையத்தின் சான்றுகளையே ரத்து செய்ய நேர்ந்தது. ஆகவே சான்று இயந்திரத்தை இன்டர்நெட் பக்கமே விடக் கூடாது. ரவுட்டர் தன் நிறுவனத்தின் சான்றை மட்டும் நம்ப வேண்டும். எதிர்ப்பக்கம் காட்டும் சர்டிபிகேட்டில் எழுதியிருக்கும் பெயரையும் பார்க்க வேண்டும். டனல் வரவில்லை என்றவுடன் பெயர்ச் சோதனையை அணைத்துவிடுகிற பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. அதை நான் மன்னிக்க மாட்டேன்.

சர்டிபிகேட் வேண்டாம் என்பதற்கு டெல்டாவில் எங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் காரணம் மின்சாரம். மலிவான ரவுட்டரில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். சர்டிபிகேட் இன்னும் அமலுக்கு வரவில்லை என்று சொல்லி டனலை மறுத்துவிடும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததைப் பார்த்தவர்கள் இந்தப் பயத்தைப் புரிந்துகொள்வார்கள். ஆனால் இதற்கு மருந்து எளிது. என்.டி.பி. வழியாக நேரம் வாங்கும் வேலையை டனலுக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் டனல் வர நேரம் வேண்டும், நேரம் வர டனல் வேண்டும் என்று நின்றுவிடும். சர்வர் தேடி அலையவும் வேண்டாம். தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ல் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் உத்தரவே போட்டிருக்கிறது.

2022 ஜூனில் மத்திய அமைச்சரவை 63,000 தொடக்க வேளாண் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சங்கமோ தனியார் நிறுவனமோ, டனல் எங்கெல்லாம் போடப்படுகிறதோ, அந்த வேலை உத்தரவில் நான்கு வரிகள் சேர்க்கச் சொல்கிறேன். ஐ.கே.இ. இரண்டாம் பதிப்பு மட்டும். ஒவ்வொரு கிளைக்கும் தனி அடையாளம். ஒப்பந்ததாரர் மாறினால் சாவி மாற்றம். கழித்துக்கட்டும் ரவுட்டரை அழித்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவது. சங்கத் தலைவர்களும் நிறுவன முதலாளிகளும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காததை எந்த ஒப்பந்ததாரரும் தாமாகச் செய்வதில்லை.

“ஓடிக்கிட்டு இருக்கிறதை எதுக்குத் தம்பி நிறுத்தணும்?” என்பார்கள். குறுவைக்கும் சம்பாவுக்கும் நகை வைக்க மக்கள் வரிசையில் நிற்கும்போது கிளையை நிறுத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சம்பா, தாளடி அறுவடை முடிந்து சித்திரையில் கவுண்ட்டர் ஓய்ந்திருக்கும். கிளைக்கு ஓர் இரவு ஒதுக்கினால், வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-க்குள் எல்லாக் கிளையையும் மாற்றிவிடலாம்.