ஆராய்ச்சியா, தொண்டா?

நம்மிடம் முன்பு வாசித்த மாணவர் ஒருவர் அமெரிக்காவில் குடியேறியிருக்கிறார். அவருடைய புதல்வி அங்கே வைத்தியக் கலாசாலைக்கு மனுச் செய்யப் போகிறாள். "ஆராய்ச்சி சாலைக்கே பொழுது போதவில்லை, சனிக்கிழமைதோறும் முதியோர் விடுதிக்குப் போய்வருவதை நிறுத்திவிடலாமா?" என்று நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள்.

நம் தேசத்தில் பரீட்சை மார்க்கோடு விவகாரம் தீர்ந்துவிடுகிறது. அங்கே அப்படியில்லை. அநேக கலாசாலைகளுக்குப் பொதுவாயுள்ள மனுவில் 15 அனுபவங்கள் வரையில் குறிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துக்கள். தாமே பொறுக்கிய மூன்றுக்கு மாத்திரம் மேற்கொண்டு 1,325 எழுத்துக்கள். பதினைந்து கட்டங்களையும் நிரப்பியே தீரவேண்டுமென்று பிள்ளைகள் அலைகிறார்கள். (காலிக் கட்டத்தைக் கண்டால் உபாத்தியாயராகிய நமக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்கிறது!) ஆனால் விரித்துச் சொல்ல இடம் கொடுத்திருப்பது மூன்றுக்குத்தானே?

வைத்தியப் பட்டத்துடன் ஆராய்ச்சிப் பட்டத்தையும் சேர்த்துப் பெற விரும்புவோர், ஆராய்ச்சி அனுபவமின்றி அங்கே அடியெடுத்து வைக்க முடியாது. இந்தப் பெண்ணின் ஆசையோ நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்வது. எடுத்துக்கொண்ட ஓர் ஆராய்ச்சியை விடாமல் செய்துவந்தால் போதும். புதிதாய் இன்னொன்றில் சேரவேண்டாம் என்று பதில் எழுதினோம். சனிக்கிழமை நிற்கக் கூடாது. ஒரு வருஷமாய் இவளோடு பேசிப் பழகிய கிழவி, அடுத்த சனிக்கிழமையும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். மனுவும் கட்டங்களும் அவளுக்கு என்ன தெரியும்?

நமது பதில் பெண்ணின் தகப்பனாருக்கு அவ்வளவாக ரஸிக்கவில்லை என்று கேள்வி.