கவர் வேண்டாம் என்றால் கடல் சுத்தமாகிவிடுமா?

"நான் ஒருத்தன் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவதால் வங்காள விரிகுடா சுத்தமாகிவிடுமா?" இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் தெருவில் குப்பை போடுகிறவர்கள் அல்ல. விவரம் தெரிந்தவர்கள், கையில் ஆய்வு எண்களையும் வைத்திருப்பவர்கள். சலிப்பில் சொல்வதாக இருந்தால் விட்டுவிடலாம். எண்ணோடு வருவதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அவர்கள் எடுப்பது வலைக் கணக்கு. பசிபிக் பெருங்கடலில் சுழலும் குப்பைத் திட்டில், எடைக் கணக்கில் 46 சதவீதம் மீன்பிடி வலைகள் என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. எண் சரி, இடம் வேறு. அது ஹவாய்க்கும் கலிஃபோர்னியாவுக்கும் நடுவே உள்ள ஆழ்கடலின் கணக்கு. நம் கரையின் கணக்கைப் பார்க்க, வடகிழக்குப் பருவமழை ஒரு நாள் கொட்டித் தீர்த்த பிறகு அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரம் பக்கம் போக வேண்டும். ஆகாயத்தாமரையோடு பின்னிக்கொண்டு பால் கவர், மாவு கவர், ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் உறை எல்லாம் கரையேறிக் கிடக்கும். சாம்பார் கட்டிக் கொடுத்த மெல்லிய கவர், போட்ட ரப்பர் பேண்டு கூட அவிழாமல் இருக்கும். இதெல்லாம் எந்தக் கப்பலிலிருந்தும் விழுந்ததில்லை. தெரு வடிகாலில் இறங்கி, கால்வாய் வழியாக ஆற்றுக்கு வந்து, அங்கிருந்து கடலைத் தொட்டுத் திரும்பியவை. உலகின் பத்துப் பெரிய ஆறுகள்தான் கடலுக்கு பிளாஸ்டிக்கைச் சுமக்கின்றன என்று முன்பு பேசிக்கொண்டிருந்தார்கள். 2021இல் வந்த ஆய்வு அதை மாற்றியது. ஆறுகள் வழியே கடல் சேரும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதத்தைக் கொண்டுவருவது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள். அவற்றிலும் நகரத்துக்குள் ஓடும் சிறிய ஆறுகளின் பங்கு பெரிது. கூவத்தையும் அடையாற்றையும் தெரிந்தவர்களுக்கு இது செய்தியே அல்ல.

நம் பக்கத்து மிகையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது, பிளாஸ்டிக் தின்று செத்ததாகச் சிலர் எழுதினார்கள். இழுவை வலைகளில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தவையே பெரும்பாலும். அதற்குத் துணிப்பை மருந்தாகாது. எல்லாப் பழியையும் கவர் தலையில் கட்டினால், கவர் செய்கிற உண்மையான கேட்டையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது துணிப்பை வாதம். பருத்திப் பையை 7,100 தடவை பயன்படுத்தினால்தான் ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்று டென்மார்க் அரசின் 2018 ஆய்வு சொன்னதாம். சொன்னது உண்மை. எல்லா வகைச் சூழல் பாதிப்பையும் சேர்த்து, அதில் மிக மோசமானதை அளவுகோலாக எடுத்தபோது வந்த எண் அது. பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தால் அதே ஆய்வில் 52 தடவை போதும். வாரம் ஒரு தடவை மார்க்கெட்டுக்கு எடுத்துப்போனால் ஒரு வருடம். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: தூக்கியெறிந்த பை காற்றில் பறந்து தண்ணீரில் சேருவதை அந்த ஆய்வு கணக்கிலேயே எடுக்கவில்லை. குப்பை ஒழுங்காக அள்ளப்படும் நாட்டில் அப்படி விடலாம், நம் ஊரில் முடியாது. தவிர, நாம் புதிதாகப் பருத்தி விளைவித்துப் பை தைக்க வேண்டிய நிலையில் இல்லை. கல்யாண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பைகள் இல்லாத வீடு தமிழ்நாட்டில் ஏது? கதவுக்குப் பின்னால் தொங்கும் அவற்றை எடுத்துப் போவதுதான் பேச்சு. பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தில் ஒவ்வொரு தடவையும் புதுப் பை வாங்குகிறவருக்கு வேண்டுமானால் டென்மார்க் கணக்கு பொருந்தும்.

"தனியாகப் பிரித்துப் போட்டால் மறுசுழற்சிக்குப் போய்விடுமே" என்பவர்கள் பழைய பேப்பர் கடைக்காரரிடம் விலை கேட்டுப் பார்க்கலாம். தண்ணீர் பாட்டிலுக்கு விலை உண்டு. கழுவிச் சேர்த்த பால் கவருக்கும் உண்டு. ஷாம்பு பாக்கெட்டையோ எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய சால்னா கவரையோ நீட்டினால் எடுத்துக்கொள்ளவே மாட்டார். ஷாம்பு பாக்கெட் பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது, பிரிக்க முடியாது. குப்பை பொறுக்குகிறவர் நாள் முழுக்க அலைந்து ஆயிரம் பாக்கெட் சேர்த்தாலும் காசாகாது. உலகில் 2015 வரை குப்பையான பிளாஸ்டிக்கில் 9 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் போயிருக்கிறது. விலை உள்ளதை யாராவது பொறுக்கிவிடுகிறார்கள், விலை இல்லாதது வடிகாலுக்குப் போகிறது. எந்தப் பழக்கத்தை மாற்றினால் பலன் என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. உறிஞ்சுகுழலை மறுப்பதெல்லாம் பெரும்பாலும் மனத்திருப்திக்கு. பார்சல் வாங்கத் தூக்குவாளி எடுத்துப்போவது, பாக்கெட்டுக்குப் பதில் பாட்டிலில் ஷாம்பு வாங்குவது, டீக்கடையில் பேப்பர் கப்புக்குப் பதில் கண்ணாடி கிளாஸ் கேட்பது (அந்தக் கப்பின் உள்பக்கமும் பிளாஸ்டிக் பூச்சுதான்), இவைதான் கணக்கில் சேரும். பால் கவரைக் கூட மூலையைத் தனியாகத் துண்டாக்காமல், கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். நகக்கண் அளவுள்ள அந்தத் துண்டை யாரும் பொறுக்குவதில்லை.

தடை தோற்றுவிட்டது என்பார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, ஆனாலும் கவர் கிடைக்கிறது. கிடைக்கிறது என்பது உண்மை, பலனே இல்லை என்பது உண்மையல்ல. அமெரிக்காவில் பை மீது தடையோ கட்டணமோ வந்த ஊர்களின் கரைகளில், பொறுக்கிய குப்பையில் பைகளின் பங்கு, விதி இல்லாத ஊர்களோடு ஒப்பிட 25 முதல் 47 சதவீதம் வரை குறைந்ததாக 2025இல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. இங்கே பலன் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்: "கவர் இல்லைன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுறாங்க சார்." அபராதம் போடும் அதிகாரி எப்போதோ வருகிறார், வாடிக்கையாளர் தினமும் வருகிறார். பையோடு வருகிற ஒவ்வொருவரும் அந்தக் கடைக்காரரின் பயத்தைக் கொஞ்சம் குறைக்கிறார்கள்.

கம்பெனிகள்தான் குற்றவாளிகள் என்ற வாதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது கொட்டிய பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கின. எந்த வீட்டுப் பழக்கமும் அதைத் தடுத்திருக்காது. காசாகாத உறையில் பொருளை அடைத்து விற்கிறவர் அதைத் திரும்ப எடுக்கவும் வேண்டும், சட்டமும் அதைத்தான் கேட்கிறது. ஆனால் அவர்கள் திருந்தும்வரை நான் கவரிலேயே மீன் வாங்குவேன் என்பது எதிர்ப்பு அல்ல, அவர்களுக்கு வியாபாரம்.

ஞாயிற்றுக்கிழமை டி-ஷர்ட் போட்டுக் கடற்கரையில் குப்பை அள்ளுகிறவர்களைக் கிண்டல் செய்பவர்களும் உண்டு. அள்ளுவது தவறில்லை, ஆனால் அதற்குள் குப்பை கடல் வரை வந்து சேர்ந்துவிடுகிறது. அதே ஆட்கள், அதே கையுறையோடு, மழை தொடங்குமுன் செப்டம்பரில் தங்கள் தெருவின் வடிகால் வாயில் சேர்ந்திருப்பதை எடுக்கலாம். அங்கே கவரில் இன்னும் மணல் ஏறியிருக்காது, ஒரு சாக்கில் அடங்கும்.