வெளுத்துப் போன முருகைக்கல்



இரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து குவைத்துக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்ற சகோதரி ஒருவர் எனக்குக் குரல் செய்தியொன்று அனுப்பியிருந்தார். "மிஸ், இந்த வீட்டு மீன்தொட்டியில இருக்கிற கல்லுப்பூ எல்லாம் வெள்ளையாப் போச்சு. நான் ஏதோ மருந்து ஊத்திட்டேன்னு மேடம் சொல்றாங்க. மூணு மாசச் சம்பளத்தைப் பிடிப்பாங்களாம்."

கல்லுப்பூ என்று அவர் சொன்னது முருகைக்கல்லை. பவளப்பாறை என்றும் சொல்வோம். கடலே இல்லாத மாத்தளையில் பிறந்த நமக்கு அது வெறும் கல். உண்மையில் அது உயிர். அரிசி மணி அளவிலும் அதைவிடச் சற்றுப் பெரிதாகவும் உள்ள மெல்லிய பிராணிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, வெற்றிலைக்குப் பூசுகிறோமே அந்தச் சுண்ணாம்பின் இனத்தைச் சேர்ந்த பொருளால் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு பாசி உணவு செய்கிறது. பிராணி அதற்கு இடம் கொடுக்கிறது. முருகைக்கல்லுக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதி இந்தக் குடித்தனக்காரரிடமிருந்துதான் வருகிறது. நிறமும் பெரும்பாலும் அவரால்தான்.

தண்ணீர் வழமையைவிடச் சூடானால், அல்லது வெளிச்சம் திடீரென்று கூடினால், இந்த உறவு முறிகிறது. பாசி வெளியேறிவிடும். கண்ணாடி போன்ற தசை வழியே உள்ளேயிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். இதைத்தான் வெளிறல் என்கிறார்கள். வெளிறியது இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது.

அந்தச் சகோதரியிடம் நான் முதலில் கேட்டது, குளிரூட்டி நின்றிருந்ததா என்பதுதான். நின்றிருந்தது. வீட்டார் இரண்டு வாரம் வெளிநாடு போனபோது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இவரை உறவினர் வீட்டில் வேலைக்கு விட்டுச் சென்றிருக்கிறார்கள். குவைத் கோடையில் மூடிய வீட்டுக்குள் தொட்டித் தண்ணீர் என்ன பாடுபட்டிருக்கும்! மருந்து ஊற்றிய கதை அங்கேயே முடிந்தது. ஆனால் வாதாடி வெல்வதைவிடக் கல்லைப் பிழைக்க வைப்பது அவருக்கு நல்லது என்று எனக்குப் பட்டது. வளைகுடா வீடுகளிலும் கப்பல்களிலும் வேலை செய்யும் நம்மவர்களுக்கு இது பயன்படலாம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

தொட்டியில் வெப்பமானி இருக்கும். 25 இலிருந்து 27 பாகை செல்சியஸ் வரை நல்லது. கூடியிருந்தால் ஒரேயடியாகக் குறைக்கக் கூடாது, நாளொன்றுக்கு ஒரு பாகை போதும். பனிக்கட்டியை நேரே போட்டால் உப்பின் அளவு கெடும். மூடியைத் திறந்து, தண்ணீரின் மேற்பரப்பில் காற்றுப் படும்படி மின்விசிறி வைத்தாலே இரண்டு பாகை இறங்கும். அப்போது தண்ணீர் வற்றும். வற்றுவது நீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆகவே குறைந்த அளவுக்கு வடிகட்டிய நல்ல தண்ணீரைத்தான் விட வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. லீற்றருக்கு 35 கிராம் உப்பு என்பது கடலின் கணக்கு. அந்த அளவு ஏறி இறங்காமல் இருக்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். முழு இருட்டும் ஆகாது, திரும்பி வரும் பாசிக்கு வெளிச்சம் வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை பத்திலொரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றலாம். இரவில் முருகைக்கல் சிறு கைகளை நீட்டினால், கடையில் விற்கும் மிகச்சிறிய இறால் உணவைக் கொஞ்சமாக அருகில் விடலாம். அதிகம் போட்டால் தண்ணீர் அழுகும். சவர்க்காரம், வாசனை எண்ணெய் பட்ட கையைத் தொட்டிக்குள் விடவே கூடாது. வெள்ளையாகிவிட்டதே என்று தேய்த்துக் கழுவவும் கூடாது.

தசை உரிந்து, கூரான வெறும் எலும்பு தெரிந்து, அதன்மேல் பச்சைப் பாசி படர்ந்தால் அந்த இடம் இறந்துவிட்டது. மற்றதெல்லாம் பொறுமைக்குரியது. அந்த வீட்டில் மூன்று கற்கள் போய்விட்டன. ஏழாவது வாரம் ஒரு கல்லின் அடியில் தேயிலைச் சாயம் போல் மண்ணிறம் தெரிவதாகப் படம் வந்தது. நிறம் திரும்பும்போது முதலில் வருவது இந்த மண்ணிறம்தான். சம்பளப் பேச்சை மேடம் அதன்பின் எடுக்கவில்லையாம்.

இருந்தாலும் சகோதரிகளே, நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடத்தின் சட்டத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குவைத்தில் வீட்டுப் பணியாளருக்கென 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, நாளொன்றுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலையில்லை என்றெல்லாம் அதில் உண்டு. பிரச்சினை வந்தால் திகதியுடன் படம் எடுத்து வையுங்கள். இங்குள்ள குடும்பத்தார் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

தொட்டியில் நடந்ததே நமது கடலிலும் நடந்திருக்கிறது. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும், கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் பாறைத் தொடரிலும் ஆழம் குறைந்த இடத்து முருகைக்கற்கள் பெருமளவு மாண்டன. திருகோணமலைப் பக்கத்துப் புறாத்தீவு அப்போது தப்பியது. பார் பாறை பல வருடங்களில் மெல்ல மீண்டது. 2016இல் மறுபடியும் வெளிறியது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். கடலுக்கு மின்விசிறி வைக்க முடியுமா?

மலையகத்தாருக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2004 டிசம்பரில் ரயிலைப் புரட்டிய பெரேலியவுக்கும் ஹிக்கடுவைக்கும் இடையே சில கிலோமீற்றர்தான். முருகைக்கல் பாதுகாக்கப்பட்ட ஹிக்கடுவையில் அலை தணிந்தது, சுண்ணாம்புக்காக அதை வெட்டியெடுத்த பக்கத்தில் உயர்ந்து வந்தது என்று பின்னர் ஆய்வாளர் கண்டனர். அந்த ரயிலில் எந்த ஊர்க்காரரும் இருந்திருக்கலாம்.

தம்புள்ளை, ஹபரணை வழியாக நிலாவெளிக்குப் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிச் செல்லும் ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள். புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. கரையொதுங்கிய துண்டைக்கூட எடுத்துவர அனுமதியில்லை. முழங்கால் தண்ணீரில் பிள்ளைகள் நிற்கும்போது மணல் மேல் நிற்கிறார்களா, கல் மேல் நிற்கிறார்களா என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள்.