பை சுமந்தவன் ஆடக் கூடாதா?

“தோழர், அமெச்சூர் என்றால் என்ன?” என்று ஒரு மில் தொழிலாளி என்னிடம் கேட்டார். அவருடைய மகன் லீவு நாட்களில் கோல்ப் மைதானத்துக்குப் போய், ஆடுகிறவர்களின் மட்டைப் பையைச் சுமக்கிறான். அந்த வேலைக்குக் ‘கேடி’ என்று பெயர். (போலீஸ் புத்தகத்துக் கேடி வேறு!) “நானும் அமெச்சூராகச் சேரலாமா?” என்று பையன் கேட்டானாம். அங்கிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

அந்தச் சிரிப்புக்கு வயது சுமார் 140.

காசுக்காக அல்ல, ஆசைக்காக ஆடுகிறவன் அமெச்சூர் என்று அகராதி சொல்லும். கனவான்களின் அகராதி வேறு. 1885ல் இங்கிலாந்தில் ஹாய்லேக் என்ற கடற்கரை ஊரில் அமெச்சூர்களுக்கென்று ஒரு பெரிய போட்டி வைத்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர் டக்ளஸ் ரோலண்ட் பெயர் கொடுத்தார். அவர் கல்தச்சர்; அபார ஆட்டக்காரர். முந்திய வருடம் ‘ஓப்பன்’ போட்டியில் இரண்டாவது இடத்துக்கு வந்து பரிசுப் பணம் வாங்கியவர். பணம் வாங்கியதால் அவர் அமெச்சூர் அல்ல என்று கதவைச் சாத்தினார்கள்.

சரி, அதே ‘ஓப்பன்’ போட்டியில் 1878ல் சிறுவனாக ஆடிப் பணம் வாங்கிய ஜான் பால்? அவருக்குக் கதவு திறந்தது! அவருடைய தகப்பனார் ஹாய்லேக்கில் ஓட்டல் முதலாளி. கோல்ப் கிளப்பு நடந்ததே அந்த ஓட்டலில்தான். உளி பிடித்த கைக்கு வந்த காசு தீட்டு. முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு வந்த காசு தீர்த்தம்!

இதற்குப் பிறகு சட்டமே எழுதினார்கள். யார் அமெச்சூர்? மட்டையோ பந்தோ செய்து விற்காதவன். 15 வயதுக்கு மேல் கூலிக்குப் பை சுமக்காதவன். ஆட்டம் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்காதவன். 1886 செப்டம்பர் 1க்கு முந்திய 5 வருடங்களில் பணப் பரிசுக்காகப் பொதுப் போட்டியில் ஆடாதவன். இந்த 5 வருடக் கணக்கைக் கவனியுங்கள். 1878 தப்பிவிடுகிறது, 1884 மாட்டிக்கொள்கிறது. பண்ணையார் நட்ட எல்லைக்கல் மாதிரி!

மட்டை செதுக்கியவன் கூடாது, பந்து செய்தவன் கூடாது, பை தூக்கியவன் கூடாது. மிச்சம் யார்?

அந்தச் சட்டம் செத்துவிட்டது. இன்றைய விதிப்படி பை சுமப்பது குற்றமல்ல. பிறகு எது தடுக்கிறது? கிளப்புக் கதவு. ஓர் அங்கத்தினர் சிபாரிசு செய்ய வேண்டும். இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும். கமிட்டி ஆளை ஏற இறங்கப் பார்க்க வேண்டும். அப்புறம் நுழைவுக் கட்டணம், வருடக் கணக்கில் காத்திருப்பு. தறி ஓட்டுகிறவருடைய மகனுக்குச் சிபாரிசு செய்ய மில் முதலாளியா வருவார்?

பதினெட்டுக் குழி வைக்க நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும், கிளப்பு இல்லாமல் யார் பராமரிப்பது என்று கேட்பார்கள். இந்த ஆட்டத்தின் தாய்வீடான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரைப் பார்க்கட்டும். திவாலான நகரசபை அந்தக் கடற்கரைத் தரையை 1797ல் விற்றது. அது முயல் வியாபாரிகள் கைக்குப் போனது. ஆடுகிறவர்கள் கோர்ட்டு ஏறினார்கள். கடைசியில் 1894ல் பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலம் தரை ஊருக்கே திரும்பியது. இன்று அங்கே 7 மைதானங்களை ஒரு பொது டிரஸ்ட் நடத்துகிறது. பெயர்பெற்ற ராஜரீகக் கிளப்பின் மாளிகை பழைய மைதானத்தின் வாசலிலேயே நிற்கிறது. ஆனால் புல்தரை அவர்களுக்குச் சொந்தமில்லை! ஊரார் சலுகை விலையில் வருடச் சீட்டு வாங்கி ஆடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய மைதானத்தில் ஆட்டமே இல்லை, ஜனங்கள் உலாவுகிறார்கள். 1843லேயே கைத்தொழிலாளர்கள் தமக்கென்று ஒரு கிளப்பு வைத்துக்கொண்டார்கள். வெளியூராரிடம் ஓர் ஆட்டத்துக்கு 300 பவுண்டுக்கு மேல் கறப்பது வேறு விஷயம். வியாபாரம் அங்கேயும் உண்டு.

நம் சென்னையில்? கிண்டியில் குதிரைப் பந்தயத் திடல், அதற்குள்ளேயே கோல்ப் மைதானம். சுமார் 160 ஏக்கர் சர்க்கார் நிலம். 1946ல் 99 வருடக் குத்தகை, வருடத்துக்கு 614 ரூபாய் சொச்சம்! ஒரு குடிசைக்கு அந்த ஊரில் மாத வாடகை என்ன? 2024 செப்டம்பரில்தான் சர்க்கார் குத்தகையை ரத்து செய்தது.

அந்தத் தொழிலாளி மறுபடி வருவார். உங்கள் மகன் ஆடினால் அமெச்சூர்தான் என்று சொல்லப்போகிறேன். சிரித்தவர்களிடம் அதை அவன் தைரியமாகச் சொல்லட்டும். அப்படியே, அந்தத் தரை யாருடையது, வருடக் குத்தகை எவ்வளவு என்றும் கேட்டு வரட்டும்.