‘என்பிஎம் இன்ஸ்டால்’ அடித்தாலே ஆபத்தா? பிரவுசரைத் தாண்டிய ஜாவாஸ்கிரிப்ட்

டெர்மினலைத் திறந்து ‘என்பிஎம் இன்ஸ்டால்’ என்று தட்டுவது ஐடி துறையில் பலருக்கும் அன்றாடப் பழக்கம். அந்த ஒரு வரி, முன்பின் தெரியாத யாரோ எழுதிய புரோகிராமை உங்கள் லேப்டாப்பில் ஓட வைக்கலாம். 2025 செப்டம்பரில் பரவிய ‘ஷாய்-ஹுலுட்’ என்ற கணினிப் புழு, இந்தப் பழக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டது.

என்ன நடந்தது?

ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களைப் பகிரும் பொதுக் களஞ்சியம் என்பிஎம். அங்கே 500-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களில் புழு புகுந்துவிட்டதாக அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஸா அந்த மாதமே எச்சரித்தது. பாதிக்கப்பட்ட பேக்கேஜை இன்ஸ்டால் செய்ததுமே, உள்ளே இருந்த ஸ்கிரிப்ட் தானாக ஓடியது. கிட்ஹப் டோக்கன், கிளவுட் கணக்குகளின் சாவி என எல்லாவற்றையும் தேடித் திருடியது. அந்த நபர் சொந்தமாக பேக்கேஜ் வெளியிடுபவர் என்றால், அதிலும் தன்னைச் சேர்த்துப் பரவியது.

பிரவுசரில் ஏன் இப்படி நடப்பதில்லை?

ஜாவாஸ்கிரிப்ட் 1995-ல் நெட்ஸ்கேப் பிரவுசருக்காக உருவான மொழி. எந்த இணையதளத்தின் ஸ்கிரிப்ட்டாக இருந்தாலும், பிரவுசர் அதை ஒரு கூண்டுக்குள்தான் ஓட விடும். உங்கள் ஃபைல்களை அது இஷ்டத்துக்குத் திறக்க முடியாது.

2009-ல் ரயன் டால் வெளியிட்ட நோட்.ஜேஎஸ், இதே மொழியை கமாண்ட் லைனுக்குக் கொண்டுவந்தது. சர்வர் எழுதலாம், ஃபைல்களைக் கையாளலாம் என்ற வசதி வந்தது. கூண்டு கூடவே வரவில்லை. உங்கள் கணக்கில் ஓடும் ஸ்கிரிப்ட், நீங்கள் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்யலாம். அவ்வளவுதான் விஷயம்.

மாற்று இருக்கிறதா?

பாதுகாப்பில் போதிய கவனம் செலுத்தாததை, 2018-ல் பெர்லினில் பேசியபோது ரயன் டாலே தன் வருத்தங்களில் ஒன்றாகச் சொன்னார். அங்கே அவர் அறிமுகப்படுத்திய டீனோ, ஃபைலைப் படிக்கவும் நெட்வொர்க்கைத் தொடவும் தனித்தனியாக அனுமதி கேட்கும். நோட்.ஜேஎஸ்ஸும் 2023-ல், 20-ம் பதிப்பில் அனுமதி முறையைச் சேர்த்தது. ஆனால் நாமாக ஆன் செய்தால்தான் அது வேலை செய்யும். கெட்ட நோக்கத்தோடு எழுதப்பட்ட புரோகிராமைத் தடுக்கும் என்ற உத்தரவாதமும் அதில் கிடையாது.

சரி, நாம என்ன செய்யலாம்?

* இன்ஸ்டால் செய்யும்போது ‘இக்னோர் ஸ்கிரிப்ட்ஸ்’ ஆப்ஷனைச் சேர்க்கலாம். தானாக ஓடும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். ஆனால், பேக்கேஜுக்கு உள்ளேயே விஷம் இருந்தால் இது காப்பாற்றாது.
* ‘என்பிஎம் சிஐ’ கட்டளை, லாக் ஃபைலில் உள்ள பதிப்புகளை மட்டுமே இறக்கும்.
* புதிய பதிப்பை வந்த அன்றே போடாமல் சில நாள் பொறுக்கலாம்.
* டோக்கன்களுக்குக் குறைந்த அதிகாரமும் குறுகிய ஆயுளும் போதும்.

இதையெல்லாம் ஒவ்வொரு புரோகிராமரும் நினைவில் வைத்துக்கொள்வார் என்று நம்பியிருக்க முடியாது. என்பிஎம்முக்கு மாற்றான பிஎன்பிஎம், 2025-ல் வந்த 10-ம் பதிப்பிலேயே சார்பு பேக்கேஜ்களின் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்களை நிறுத்திவைத்து, தேவையானதை மட்டும் நாம் அனுமதிக்கும்படி மாற்றிவிட்டது. பூட்டிய கதவோடு வீட்டைக் கொடுப்பதுதான் சரி. திறப்பது வீட்டுக்காரர் விருப்பம்.